வெயில், வெக்கை, புழுக்கம்: பாலாவியில் ஓடுபவரின் இதயத் துடிப்பு

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரே அறிவித்தலை மீண்டும் வெளியிடும். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் இருக்கும் என்பதே அது. தெற்கு முனையில் தொடங்கும் அந்த உச்சி நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து பருத்தித்துறையைக் கடந்து போகும். வட அகலாங்கு 8 பாகையை ஒட்டி இருக்கும் பாலாவிக்கு அது ஏப்ரல் 10ஐ அண்டி வரும். அன்று நண்பகலில் மின்கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும்.

நான்கு நாள் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு. அதைத் தொடர்ந்து ஊர்தோறும் விளையாட்டு விழாக்கள்: கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், வழுக்கு மரம் ஏறுதல், தலையணைச் சமர், சைக்கிள் ஓட்டம். இவற்றோடு தவறாமல் மரதன் ஓட்டமும் இருக்கும். பெயர்தான் மரதன், 42.195 கிலோமீற்றர் யாரும் ஓடுவதில்லை. பெரும்பாலும் ஊரைச் சுற்றி வரும் சில கிலோமீற்றர் வீதி ஓட்டம். ஆண்டு முழுவதும் முறையாகப் பயிற்சி செய்தவரும், நேற்று மாலை சப்பாத்தைத் தேடி எடுத்தவரும் ஒரே கோட்டில் நிற்பார்கள்.

சூரியன் நேர் உச்சியில் நிற்கும் வாரத்தை ஒட்டி நம் ஊர்கள் தம் நெடுந்தூர ஓட்டத்தை வைத்திருக்கின்றன. பாரம்பரியத்தைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அந்த ஓட்டத்தில் இதயம் என்ன செய்கிறது, அதற்குப் பயிற்சி செய்பவர் தன் துடிப்பை எப்படி வாசிக்க வேண்டும் என்பதே இங்கு ஆராயும் பொருள்.

ஒரு கடிகாரமும் ஒரு சந்தேகமும்

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் வீதியில், கற்பிட்டிக்குப் பிரியும் சந்திதான் பாலாவி. ஒரு பக்கம் உப்பளப் பாத்திகள், அவற்றுக்கு அப்பால் புத்தளம் களப்பு. விமானப்படை முகாம், ரயில் பாதை, கற்பிட்டி வீதியில் மேலும் போனால் நுரைச்சோலை அனல்மின் நிலையம், கடலோரமாக மாம்புரிக் காற்றாலைகள். மேடு பள்ளம் குறைந்த நிலம். ஓடுவதற்கு இதைவிட இலகுவான தரை கிடைப்பது அரிது.

இந்த வீதியில் காலையில் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆசிரியராகவோ கடை வைத்திருப்பவராகவோ இருக்கலாம். பரிசுக்காக ஓடுபவர் அல்லர். தை மாதத்துக் காலையில் கிலோமீற்றருக்கு 6 நிமிட வேகத்தில் ஓடும்போது கைக்கடிகாரம் நிமிடத்துக்கு 145 துடிப்பு காட்டியது. சித்திரையில், அதே பாதையில், அதே வேகத்துக்கு 160 காட்டுகிறது. மூன்று மாதம் விடாமல் ஓடியும் உடல் முன்னேறாமல் பின்னேறிவிட்டதா? கடிகாரம் பிழையா? இன்னும் கடுமையாக ஓட வேண்டுமா?

மூன்றும் இல்லை என்பதே பெரும்பாலும் சரியான விடை. அந்த 160, கால்களின் வேலையை மட்டும் அளந்த எண் அல்ல. தோலின் வேலையும் அதில் சேர்ந்திருக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் வெயில்காலப் பயிற்சியின் பாதிக் குழப்பம் தீரும்.

இதயத்துக்கு இரண்டு கடன்காரர்கள்

ஓட்டம் என்பது வெப்பம் தயாரிக்கும் தொழில். உடல் எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, கூடினால் நான்கில் ஒரு பங்குதான் இயக்கமாக மாறும், மிச்சமெல்லாம் வெப்பம். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 60 கிலோகலோரி செலவாகும். மணிக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் 600. அதில் 480 அளவு வெப்பமாக வெளியேற வேண்டும். நிமிடத்துக்கு 8 கிலோகலோரி. அந்த உடலின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 50 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேறவே வழியில்லை என்று வைத்துக்கொண்டால் ஆறு நிமிடத்துக்கு ஒரு பாகை ஏறும். 37 பாகையில் தொடங்கியவர் அரை மணித்தியாலத்தில் 42ஐத் தொட்டுவிடுவார்.

அப்படி நடக்காமல் காப்பது இரத்தம். தசைகளில் பிறந்த வெப்பத்தை ஏந்திக்கொண்டு தோலுக்கு வருகிறது. அங்கே வியர்வை ஆவியாகும்போது வெப்பம் வெளியேறுகிறது. ஓய்வில் தோலுக்குப் போகும் இரத்தம் நிமிடத்துக்கு அரை லீற்றருக்கும் குறைவு. கடும் வெப்பத்தில் அது 7, 8 லீற்றர் வரை உயரக்கூடும் என்று அமெரிக்க உடலியலாளர் லொறிங் றோவெல் மதிப்பிட்டார். அதே நேரத்தில் கால் தசைகளும் ஒட்சிசனுக்காக இரத்தம் கேட்கின்றன. இருப்பில் உள்ள மொத்த இரத்தமோ ஏறத்தாழ 5 லீற்றர்தான். ஒரே கைமுதலை வைத்துக்கொண்டு இரண்டு கடன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை இதயத்துக்கு.

இதில் மூன்று காரியம் ஒன்றன் மேல் ஒன்றாக நடக்கிறது. தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்தம் அங்கே தேங்குவதால் இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. வியர்வையாகப் போகும் நீர் குருதிநீரிலிருந்தும் இழக்கப்படுவதால் இரத்தத்தின் கன அளவே சுருங்குகிறது. உடல் வெப்பநிலை ஏறுவதே நேரடியாகத் துடிப்பை விரைவாக்குகிறது. துடிப்பு விரைந்தால் இதய அறைகள் நிரம்பக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. இவற்றின் விளைவாக ஒரு துடிப்புக்கு வெளியேறும் இரத்தம் குறைந்து, துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. எடுத்துக்காட்டாக, துடிப்புக்கு 110 மில்லிலீற்றர் வீதம் 145 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 16 லீற்றர் அளவு. துடிப்புக்கு 100 மில்லிலீற்றராகக் குறைந்தால் அதே 16 லீற்றருக்கு 160 துடிப்பு தேவை. நம் ஓட்டக்காரரின் கடிகாரம் காட்டிய 15 துடிப்பு வித்தியாசம் இப்படித்தான் வருகிறது.

வேகம் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பத்து இருபது நிமிடங்களுக்குப் பின் துடிப்பு மெல்ல மேலேறுவதை உடலியலாளர்கள் ‘இதயத் துடிப்பு நகர்வு’ என்று அழைக்கிறார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கொய்ல், ஸ்கொட் மொன்ரெய்ன் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், வெப்ப அறையில் இரண்டு மணித்தியாலம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு வெவ்வேறு அளவு நீர் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் இழந்த நீர் எவ்வளவோ அதற்கேற்பத் துடிப்பும் உடல் வெப்பமும் படிப்படியாக உயர்ந்தன. உடல் எடையில் ஒரு சதவீதம் வியர்வையாகப் போனால் துடிப்பு ஏறத்தாழ 3 கூடும் என்பது பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பெற்ற கணக்கு.

இதயத்தின் உச்சத் துடிப்பு மட்டும் வெயிலுக்காக உயர்வதில்லை. கூரை அதே இடத்தில் நிற்க, தரை மேலே வருகிறது. இடையில் நிற்க எஞ்சும் இடம் குறைந்துபோகிறது.

மூன்று சொற்கள், மூன்று வெப்பமானிகள்

வெப்பத்தைச் சொல்லத் தமிழ்ப் பேச்சில் மூன்று சொற்கள் தனித்தனியே புழங்குகின்றன. தலையில் நேரே விழுவது வெயில். காற்றிலும் தரையிலும் நின்று வாட்டுவது வெக்கை. வியர்த்தும் காயாமல் உடம்பை அவிப்பது புழுக்கம். நெல்லை அவித்தால் புழுங்கல் என்கிறோமே, அதே வேர். மரநிழலில் நின்றால் வெயில் போகும், புழுக்கம் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அறிவியலுக்கு இந்தப் பாகுபாடு கருவியாக வந்தது 1950களில். அமெரிக்க மரைன் படையினர் தென் கரோலைனாவின் பரிஸ் தீவுப் பயிற்சி முகாமில் வெப்பத் தாக்கத்தால் சரிந்துகொண்டிருந்தார்கள். கொன்ஸ்டன்ரைன் யக்லூ, டேவிட் மினார்ட் என்ற இருவர் மூன்று வெப்பமானிகளைச் சேர்த்து ஒரு சுட்டெண் வகுத்தார்கள். கருங்கோளம் ஒன்றுக்குள் வைத்த வெப்பமானி சூரியக் கதிர்வீச்சை அளக்கும், அது வெயில். சாதாரண வெப்பமானி காற்றின் வெப்பத்தை அளக்கும்; அது வெக்கை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, ஆவியாதல் எவ்வளவு குளிர்விக்கும் என்பதைக் காட்டும், அது புழுக்கம். பத்துப் பங்கில் ஈரத்துணிக்கு 7, கருங்கோளத்துக்கு 2, சாதாரண வெப்பமானிக்கு 1. வானிலைச் செய்தியில் நாம் கேட்கும் ‘இன்று 33 பாகை’ என்ற எண்ணுக்கு அந்தக் கணக்கில் கிடைப்பது பத்தில் ஒரு பங்குதான். புழுக்கமே பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கிறது.

வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் இதிலிருந்து வேறுபட்டது. 1979இல் றொபர்ட் ஸ்டெட்மன் வகுத்த முறையிலிருந்து வளர்ந்த அது, நிழலில் நடந்து செல்லும் ஒருவருக்குரிய கணக்கு. கடைக்குப் போகிறவருக்கு அது போதும். திறந்த வெளியில் ஓடுபவரின் உடலுக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. அதை அந்தச் சுட்டெண் அறியாது.

இங்கேதான் உப்பளம் பாடம் சொல்கிறது. பாத்தியில் கட்டிய நீர் ஆவியானால்தான் உப்பு விளையும். வெயில் மட்டும் போதாது, நீராவியை அள்ளிக்கொண்டு போகக் காற்றும் வேண்டும். ஓட்டக்காரரின் தோலும் அதே விதிக்குக் கட்டுப்பட்ட சிறு பாத்தி. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். நம் 60 கிலோ ஓட்டக்காரரின் ஒரு மணித்தியால வெப்பத்துக்கு முக்கால் லீற்றருக்குச் சற்றுக் கூடுதலான வியர்வை போதும். ஆனால் ஆவியாக வேண்டும். சொட்டித் தரையில் விழுந்த வியர்வை ஒரு கலோரியையும் கொண்டுபோகாது. இரத்தத்திலிருந்து நீரை மட்டும் களவாடிக்கொண்டு போகும். சட்டையைப் பிழிந்து ‘நல்லா வியர்த்தது’ என்று மகிழ்பவர் உண்மையில் வீணான வியர்வையைத்தான் பிழிகிறார்.

பாலாவியில் சித்திரையின் கடுமையை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். வெப்பமானியை மட்டும் பார்த்தால் ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் வைகாசிக்குப் பின் தென்மேற்குக் காற்று, நம்மவர் சோழகம் என்றும் கச்சான் என்றும் சொல்லும் காற்று, களப்பையும் கற்பிட்டிக் குடாநாட்டையும் அறைந்து வீசும். மே முதல் ஒக்டோபர் வரை கற்பிட்டியில் பட்டம் கட்டி அலைச்சறுக்க வெளிநாட்டார் வருவது அந்தக் காற்றை நம்பித்தான். ஏப்ரல் அப்படியல்ல. வடகீழ்ப் பருவம் ஓய்ந்து தென்மேற்குப் பருவம் தொடங்காத இடைக்காலம். காற்று மந்தம், வானில் ஈரம், பிற்பகலில் இடிமழை. உச்சி வெயிலும் காற்றில்லாப் புழுக்கமும் சேர்ந்து நிற்கும் மாதம் அது.

காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம், மதியத்தில் 65தானே, அப்படியானால் காலையில்தானே புழுக்கம் கூட என்று சிலர் கேட்பதுண்டு. சதவீதம் ஏமாற்றும். குளிர்ந்த காற்று குறைந்த நீராவியிலேயே நிறைந்துவிடும். ஆகவே 25 பாகையில் 90 சதவீதம் என்பதும் 32 பாகையில் 65 சதவீதம் என்பதும் நீராவியின் அளவில் ஏறத்தாழ ஒன்றே. வியர்வை காய்வதில் இரு வேளைக்கும் பெரிய பேதமில்லை. ஆனால் விடியலில் வெயில் பூச்சியம். தோலைவிடக் காற்று பல பாகை குளிர்ச்சி. மூன்று வெப்பமானிகளும் அப்போதுதான் ஒன்றாகத் தாழ்ந்து நிற்கும்.

பழகிய உடலின் கணக்கு

வெப்பத்துக்கு உடல் பழகும். இதை முதலில் முறையாகக் கண்டறிந்தவர்களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்து மருத்துவர்கள் முன்னிற்கிறார்கள். 1930களில், ஆழத்தில் வெந்து இறந்த தொழிலாளரைக் கண்டபின், புதியவரைச் சில நாட்கள் வெப்பத்தில் வேலை செய்யவைத்துப் பழக்கிய பின் சுரங்கத்துக்குள் அனுப்பும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். அதன்பின் வந்த ஆய்வுகள் ஒரே படத்தைத் தருகின்றன. முதல் நான்கைந்து நாட்களிலேயே குருதிநீரின் அளவு கூடி, அதே வேலைக்கான துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்கி அதிகமாகச் சுரக்கிறது. அதில் உப்பு குறைகிறது. பத்து முதல் பதினான்கு நாட்களில் பழக்கம் ஏறத்தாழ நிறைவடையும்.

2010இல் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் சன்ரியாகோ லொறென்சோ, கிறிஸ்ரோபர் மின்சன் குழுவினர் பயிற்சி பெற்ற சைக்கிளோட்டக்காரர்களைப் பத்து நாள் வெப்பத்தில் பழக்கினார்கள். வெப்பத்தில் மட்டுமன்றிக் குளிர்ந்த அறையிலும் அவர்களின் உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பு உயர்ந்தது; குளிர்ந்த அறையில் அந்த உயர்வு 5 சதவீதம். வெயில்காலம் வீண்காலமில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு.

ஆனால் நம் ஊருக்கு இந்த ஆய்வுகளை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. வெயில்காலப் பயிற்சி பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை பனியிலிருந்து கோடைக்கு வரும் நாட்டாருக்கு எழுதப்பட்டவை. ‘கோடையில் துடிப்பு கூடும், பொறுத்திருங்கள், இலையுதிர்காலத்தில் பலன் தெரியும்’ என்பது அவர்களுக்கான ஆறுதல். பாலாவியில் இலையுதிர்காலம் வராது. இங்கே கோடை என்பது வந்து போகும் விருந்தாளியல்ல, வீட்டோடு இருப்பவர். ஆகவே இங்கு வெளியில் உழைக்கும் ஒருவர் ஆண்டு முழுவதும் பாதிக்கு மேல் பழகியே இருப்பார். அவருக்குச் சித்திரையில் எஞ்சியிருக்கும் முன்னேற்றம் சிறிது.

இன்னொன்றும் உண்டு. பழகிய உடல் அதிகம் வியர்க்கும். உலர்ந்த காற்றில் அது பெரும் வரம். புழுக்கத்திலோ அந்தக் கூடுதல் வியர்வை சொட்டி வீணாகும். நீரிழப்பு மட்டும் விரைவாகும். ‘நாங்கள் வெயிலில் பிறந்தவர்கள், எங்களுக்கு ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சு பாதி உண்மையாக இருப்பதால்தான் ஆபத்தானது. உப்பளத்தில் உழைப்பவர் உடலும் வெப்பத்தால் சுமையேறுகிறது என்பதைத் தமிழ்நாட்டு உப்பளங்களில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் அளந்து காட்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றில் சிறுநீரகப் பாதிப்பும் ஒன்று. வெயிலில் வாழ்வதால் வருவது பழக்கம்தான், விலக்கு அல்ல.

அந்தப் பழக்கமும் நிலைத்து நிற்பதில்லை. வெப்பத்திலிருந்து விலகினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.5 சதவீதம் வீதம் கரையும் என்பது ஆய்வுத் தொகுப்பு ஒன்றின் மதிப்பீடு. குளிரூட்டிய அலுவலகத்தில் பகல் முழுவதும் இருந்துவிட்டு, புத்தாண்டு விடுமுறைக்கு ஊர் வந்து மரதனில் நிற்பவர் ஊர்க்காரர் என்ற பெயரோடு வந்த வெளியூர் உடல்.

எண்ணை எப்படி வாசிப்பது

ஓடும்போது துடிப்பை எண்ணுவது ஒரு காலத்தில் ஆய்வுக்கூடக் காரியம். 1980களின் தொடக்கத்தில் பின்லாந்தின் போலார் நிறுவனம் மார்புப்பட்டையோடு கூடிய கம்பியில்லாக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று மலிவான கைக்கடிகாரமும் தோலில் ஒளி பாய்ச்சித் துடிப்பைச் சொல்கிறது. கருவி பரவிய வேகத்துக்கு அதை வாசிக்கும் அறிவு பரவவில்லை.

முதற்குழப்பம் ‘220இலிருந்து வயதைக் கழி’ என்னும் சூத்திரம். 1970களின் தொடக்கத்தில் சாமுவேல் பொக்ஸ், வில்லியம் ஹஸ்கெல் ஆகியோர் அப்போது கிடைத்த தரவுகளைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்ன கோடு அது. 2001இல் ஹிரோபுமி தனாக்கா குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். 40 வயதில் இரண்டும் 180ஐயே தரும். 60 வயதில் ஒன்று 160, மற்றது 166. எதை எடுத்தாலும் தனி ஒருவரின் உண்மையான உச்சம் பத்துத் துடிப்பு மேலோ கீழோ இருப்பது சாதாரணம். அந்த உச்சத்திலிருந்து வகுத்த பயிற்சி வலயங்களும் அதே அளவு தளர்வானவை.

இரண்டாவது குழப்பம் வேகத்தைப் பிடித்துக்கொள்வது. சித்திரையில் 6 நிமிட வேகத்தை விடாமல் 160இல் ஓடுபவர், தான் இலகு ஓட்டம் ஓடுவதாக நினைத்துக் கடும் ஓட்டம் ஓடுகிறார். செய்யவேண்டியது தலைகீழ்: 145ஐ வைத்துக்கொண்டு வேகத்தை விடுவது. கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 6:40 ஆகும். சில நாள் 7 ஆகும். கடைசிக் கிலோமீற்றரில் நடக்கவும் நேரலாம். இதயத்தின் கண்ணில் அது தை மாதத்து ஓட்டத்துக்கு நிகரானதே. கால் தசைகளுக்கு வேகம் மறந்துபோகாமலிருக்க, வாரத்தில் ஒரு நாள் விடியலில் சிறு சிறு விரைவோட்டங்களை நீண்ட இடைவெளியோடு ஓடலாம். அதற்குத் துடிப்பை அளவுகோலாக வைப்பதில் பயனில்லை. துடிப்பு உச்சத்தைத் தொடுமுன் விரைவோட்டம் முடிந்துவிடும்.

கடிகாரம் இல்லாதவர் இழப்பது அதிகமில்லை. ஓட்டத்தை நிறுத்திய உடனே கழுத்தில் இரு விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கலாம். சுவீடன் நாட்டு உளவியலாளர் குனார் போர்க் வகுத்த உணர்வு அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடிவது விநோதமாகத் தோன்றும். அதைப் பத்தால் பெருக்கினால் இளைஞர் ஒருவரின் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கட்டும் என்பதே அந்த அமைப்பின் நோக்கம். ‘எவ்வளவு சிரமமாக இருக்கிறது’ என்று உடம்பைக் கேட்பதும் ஓர் அளவீடே. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பது அதைவிட எளிய சோதனை. விடியலில் படுக்கையில் எண்ணும் ஓய்வுத் துடிப்பு வழமையைவிடப் பல துடிப்பு கூடி நின்றால், நேற்றைய வெயில் இன்னும் உடம்பில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

நீருக்கும் ஒரு கணக்கு வேண்டும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் இழப்பு தெரியும். ஆனால் ‘குடி, குடி’ என்று அளவின்றிக் குடிப்பதும் கேடு. 2002 பொஸ்ரன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினரிடம் சோடியம் அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. தாகத்துக்குக் குடிப்பதும், சட்டையில் வெள்ளைக் கோடு படிகிறவர் கஞ்சியிலோ தேசிக்காய்த் தண்ணீரிலோ ஒரு சிட்டிகை உப்புச் சேர்ப்பதும் போதும்.

நோன்பு மாதம்

புத்தளத்தில் இந்தப் பேச்சு நோன்பைத் தொடாமல் முழுமை பெறாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பெருந்தொகையாக வந்து தங்கிய மாவட்டம் இது. அதற்கு முன்பே பழைய முஸ்லிம் ஊர்கள் நிறைந்த கரை. பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவென்பதால் நோன்பு மாதம் ஆண்டுதோறும் முன்னே நகரும். 2023, 2024 ஆண்டுகளில் அது மார்ச்சிலும் ஏப்ரலிலுமாக விழுந்தது. மிகப் புழுக்கமான வாரங்களில் பகலில் ஒரு துளி நீரும் இல்லை.

நோன்போடு ஓட முடியும். எப்போது ஓடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். சஹர் உணவு முடித்த விடியலில் ஓடினால் உடலில் நீர் நிறைந்திருக்கும், குளிர்ச்சியும் கிடைக்கும். ஆனால் இழந்ததை மீட்க மாலை வரை காத்திருக்க வேண்டும். நோன்பு துறப்பதற்குச் சற்று முன் ஓடினால் நீரிழந்த உடலோடு தொடங்கினாலும் மீட்பு உடனே கிடைக்கும். இலகுவான குறு ஓட்டத்துக்கே அது பொருந்தும். நீண்ட ஓட்டத்துக்கு உகந்தது தராவீஹ் தொழுகைக்குப் பின்னான இரவு. எந்த வேளையானாலும் அந்த மாதத்தில் துடிப்பு உயர்ந்தே நிற்கும். அதைத் தளர்ச்சியாகக் கொள்ளாமல் நீரின் கணக்காக வாசிக்க வேண்டும். பெருநாள் முடிந்து சில நாட்களில் அது தானே இறங்கும்.

குறுந்தூரம் காக்காது

இப்போது புத்தாண்டு மரதனுக்குத் திரும்புவோம். ‘ஐந்து கிலோமீற்றர்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும்’ என்பதே ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் கொள்ளும் துணிவு. உடலியல் இதை ஏற்பதில்லை. வெப்பம் தூரத்தால் மட்டும் ஏறுவதன்று, வேகத்தால் ஏறுவது. 20 நிமிடத்தில் 5 கிலோமீற்றர் ஓடும் இளைஞரின் உடல் நிமிடத்துக்கு 12 கிலோகலோரி வெப்பம் தயாரிக்கும். முழு மரதன் ஓடும் சாதாரணர் தயாரிப்பதைவிட அது அதிகம். வியர்வை முழு அளவில் சுரக்கத் தொடங்குவதற்குள் பந்தயத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

அமெரிக்காவின் பால்மத் வீதி ஓட்டம் இதற்குத் தெளிவான சான்று. ஓகஸ்ட் மாதத்தில் நடக்கும் அதன் தூரம் 11 கிலோமீற்றர் அளவே. 18 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரை, ஓட்டத்தால் வந்த வெப்பத் தாக்கம் 274 என்று கணக்கிட்டது. 274 பேரும் உயிர் பிழைத்தார்கள். காரணம் எளிது: முடிவுக்கோட்டருகே பனிக்கட்டி நீர் நிறைந்த தொட்டிகள். உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டி மனம் குழம்பியவரை அங்கேயே அமிழ்த்திக் குளிர்வித்தார்கள்; வைத்தியசாலை தேவைப்பட்டவரை அதன்பின்தான் அனுப்பினார்கள். சரிந்தவரை அரை மணித்தியாலத்துக்குள் குளிர்விப்பதே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லை. முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ என்பதே விதி.

உலகத்தரம் வாய்ந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். 2019 செப்ரெம்பரில் டோஹா உலக சம்பியன்ஷிப்பில் பெண்கள் மரதனை நள்ளிரவில் தொடக்கினார்கள். வெப்பம் 30 பாகைக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. வென்ற கென்யாவின் றூத் செப்ன்கெற்றிச்சுக்கு 2 மணி 32 நிமிடம் 43 விநாடி பிடித்தது. வெப்பம் ஏற ஏற மரதன் நேரம் எல்லோருக்கும் நீள்கிறது. பின்னால் வருபவருக்கு அதிகமாக நீள்கிறது என்று 2007இல் மத்தியூ ஈலி குழுவினர் வட அமெரிக்கப் பந்தயப் பதிவுகளிலிருந்து காட்டியிருந்தார்கள். பரிசுக்கு ஓடாதவரே வெயிலில் அதிக நேரம் நிற்கிறார்.

நம் நாட்டிலும் இதைப் பேச வேண்டிய காரணம் உண்டு. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அவ்வாண்டு வெப்ப நாட்களில் மாணவரை வெளிப்புற விளையாட்டுகளில் ஈடுபடுத்துவது பற்றிக் கல்வி அமைச்சு எச்சரித்திருந்தது. பாடசாலைக்கு அப்படி ஒரு சுற்றுநிருபமாவது வருகிறது. ஊர்க் கழகத்தின் புத்தாண்டு ஓட்டத்துக்குச் சுற்றுநிருபம் அனுப்புவார் இல்லை.

நேரம் குறித்தல்

பயிற்சியின்போது துடிப்பைப் பார்த்து வேகத்தைக் குறைக்கலாம். பந்தயத்தில் எவரும் குறைப்பதில்லை. ஊரே வீதியோரம் நின்று பெயர் சொல்லிக் கூவும்போது கடிகாரத்தில் 190 தெரிந்தாலும் கால் நிற்காது. ஆகவே பயிற்சியில் ஓட்டக்காரர் கையில் இருக்கும் பொறுப்பு, பந்தய நாளில் ஏற்பாட்டாளர் கைக்கு மாறுகிறது. அவரால் வெயிலையும் புழுக்கத்தையும் மாற்ற முடியாது. தொடக்க நேரத்தை மாற்ற முடியும்.

ஏப்ரல் நடுவில் பாலாவியில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கும். கண் தெரிந்தவுடன் தொடங்கும் ஐந்து கிலோமீற்றர் ஓட்டம், மெதுவாக ஓடுபவருக்கும் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். ஒன்பது மணிக்குப் பிரதம விருந்தினர் வந்து கொடி அசைத்துத் தொடக்கும் அதே ஓட்டம் வேறொரு பந்தயம். இதற்கு மேல் வேண்டியவை ஒரு பெரிய தொட்டி நீர், மீன் வாடியிலிருந்து சில பனிக்கட்டிப் பாளம், சரிந்தவரை முதலில் குளிர்விக்கத் தெரிந்த இரண்டு பேர். இந்தக் கரையில் பனிக்கட்டிக்குப் பஞ்சமில்லை.

புத்தாண்டன்று அடுப்பு மூட்ட ஒரு சுபநேரம், முதல் கவளம் உண்ண ஒரு சுபநேரம், கைவிசேடம் கொடுக்க ஒரு சுபநேரம் என்று நிமிடம் தவறாமல் குறித்துவைக்கும் நாடு இது. விடியற்காலை வந்தாலும் நள்ளிரவு வந்தாலும் அந்த நிமிடத்துக்கு வீடே எழுந்து நிற்கும். அந்தப் பட்டியலில் மரதனுக்கும் ஒரு நேரம் சேர்க்கலாம். அதைக் கணிக்கப் பஞ்சாங்கம் வேண்டாம். உப்பளத்தில் வேலை செய்யும் எவரைக் கேட்டாலும், வெயில் ஏறுமுன் எந்த நேரத்தில் பாத்தியில் இறங்குவார் என்று சொல்லிவிடுவார்.